சிஆர்எம் இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஆனா வேலை நடக்கலையே: எங்க உடையுது, எப்படிக் கண்டுபிடிக்கிறது

சிஆர்எம், அதாவது கஸ்டமர் விவரங்களை நிர்வகிக்கற சாஃப்ட்வேர், புதுசா போட்ட நிறைய கம்பெனிகள்ல ஒரே மாதிரி புகார்தான் வருது. இன்ஸ்டால் பண்றப்போ எல்லாம் பச்சை டிக் காட்டுச்சு, லாகின் ஆகுது, புது கஸ்டமர் பேர் சேர்க்க முடியுது, ஆனா ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்தா ஃபாலோ-அப் மெயில் ஒண்ணு கூட போகல, இம்போர்ட் பண்ண லிஸ்ட்ல பாதிப் பேர் வெறும் கேள்விக்குறியா நிக்குது, சேல்ஸ் ஆளுங்க சத்தமே இல்லாம பழைய எக்செல் ஷீட்டுக்குத் திரும்பிட்டாங்க. உடனே சாஃப்ட்வேர் சரியில்லன்னு வேற ஒண்ணைத் தேட ஆரம்பிப்பாங்க. அங்கயும் இதேதான் நடக்கும், ஏன்னா உடைஞ்சது பெரும்பாலும் சிஆர்எம் இல்ல, அதுக்குக் கீழ இருக்கற ஏதோ ஒரு அடுக்கு.

இந்தக் கட்டுரைல சொல்ல வர்றது ஒண்ணுதான். கோளாறுல ரெண்டு வகை இருக்கு, சத்தம் போட்டு உடையறது, சத்தமில்லாம உடையறது. முதல் வகைக்கு எல்லாரும் பயப்படறாங்க, ஆனா கஸ்டமர் டேட்டாவைக் கெடுக்கறது ரெண்டாவது வகை.

அடிப்படை: சிஆர்எம்னா என்ன, எங்க ஓடுது

கஸ்டமர் யாரு, அவங்க எந்தக் கம்பெனி, யாரு அவங்ககிட்ட கடைசியா பேசினாங்க, என்ன விலை சொன்னோம், அடுத்து எப்போ கூப்பிடணும், இதெல்லாம் ஒரே இடத்துல வெச்சுக்கற சாஃப்ட்வேர்தான் சிஆர்எம். இது ரெண்டு விதமா கிடைக்குது. ஒண்ணு க்ளவுட், அதாவது சர்வர் அவங்களோடது, மாசக் கட்டணம் கட்டி பிரவுசர்ல யூஸ் பண்றது, 1999ல ஆரம்பிச்ச சேல்ஸ்ஃபோர்ஸ் இந்த வழியைப் பெருசாக்குச்சு. இன்னொண்ணு நம்ம சர்வர்லயே நாமளே போட்டுக்கறது.

நாமளே போட்டுக்கற வகைல ஒரு குடும்பத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. 2004ல ஷுகர்சிஆர்எம் ஓப்பன் சோர்ஸா, அதாவது கோடை யாரு வேணா எடுத்து மாத்திக்கற மாதிரி, வந்துச்சு, அதே வருஷம் அதுலேர்ந்து விடைகர் பிரிஞ்சுது, 2013ல சூட்சிஆர்எம் பிரிஞ்சுது, 2014ல ஷுகர்சிஆர்எம் இனிமே புது ஓப்பன் சோர்ஸ் வெர்ஷன் விடமாட்டோம்னு சொல்லிடுச்சு. இந்த வரலாறு எதுக்குன்னா, பிஎச்பிங்கற கோடு மொழி, மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ், வேலையைத் தானா ஓட்டற க்ரான்னு இதுங்க எல்லாம் நிக்கற அடித்தளம் ஒண்ணுதான், அதனால ஒண்ணுல வர்ற கோளாறு இன்னொண்ணுலயும் ஏறக்குறைய அதே முகத்தோட வரும். கீழ சொல்ற பேர்கள் சூட்சிஆர்எம்மை வெச்சு சொல்றது, ஆனா காரணங்கள் மத்ததுக்கும் பொருந்தும்.

அஞ்சு அடுக்கு

ஒரு சிஆர்எம் பக்கம் திறக்கறதுக்கும் வேலை செய்யறதுக்கும் பின்னாடி இவ்ளோ இருக்கு:

1. வெப் சர்வர், அதாவது அப்பாச்சி இல்லன்னா என்ஜின்எக்ஸ். பிரவுசர் கேக்கறதை வாங்கி உள்ள அனுப்பறது இதோட வேலை.
2. பிஎச்பி. சிஆர்எம்மோட கோடை ஓட்டறது இது.
3. டேட்டாபேஸ், மைஎஸ்க்யூஎல் இல்லன்னா மரியாடிபி.
4. ஃபைல்களும் அதுக்கான அனுமதியும். கேஷ் (தற்காலிகமா சேத்து வெக்கற ஃபைல்கள்), அப்லோட், கஸ்டம் ஃபோல்டர்கள்ல வெப் சர்வரோட யூசர் எழுத முடியணும்.
5. பின்னாடி தானா ஓடற வேலைகள். ரிமைண்டர், கேம்பெய்ன் மெயில், உள்ள வர்ற மெயிலை எடுக்கறது, பழைய ரெக்கார்டு சுத்தம் பண்றது.

இன்ஸ்டாலர் முதல் நாலை நல்லாவே செக் பண்ணும். அஞ்சாவதைப் பொறுத்தவரை, இந்த லைனை க்ரான்ல போட்டுக்கோங்கன்னு காட்டிட்டு விட்டுடும், நீங்க போட்டீங்களா, அது ஓடுதான்னு யாரும் பாக்கறதில்ல. அதனால பச்சை டிக்குக்கு அர்த்தம் பக்கம் திறக்கும்ங்கறது மட்டும்தான்.

இன்ஸ்டாலுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

வெர்ஷன் பொருத்தம்தான் முதல் விஷயம். நீங்க போடப் போற சிஆர்எம் வெர்ஷன் எந்த பிஎச்பில ஓடும்னு அவங்க டாக்குமெண்ட்ல ஒரு பட்டியல் இருக்கும், அதைப் பாக்காம சர்வர்ல இருக்கறதுலயே போட்டா பாதி வழில நிக்கும். ஒரு உதாரணம் பாருங்க, பழைய கோட்ல காலியா இருக்கற ஒரு மாறிக்குள்ள (வேரியபிள்) எத்தனை இருக்குன்னு எண்ணச் சொல்லியிருப்பாங்க, பிஎச்பி 7ல அது அதிகபட்சம் ஒரு எச்சரிக்கையோட போயிடும், பிஎச்பி 8ல அதே லைன் ஃபேட்டல் எரர், பக்கமே வராது. அதுக்காக 7.4லயே இருந்துக்கலாம்னு நினைக்கக் கூடாது, அதுக்கான பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரோட நின்னு போச்சு.

டேட்டாபேஸ் பக்கமும் இதே மாதிரிதான். மைஎஸ்க்யூஎல் 5.7லேர்ந்து ஸ்ட்ரிக்ட் மோட் தானாவே ஆன்ல இருக்கும், தேதி இருக்க வேண்டிய இடத்துல காலி எழுத்து வந்தா முன்னாடி விட்டுடும், இப்போ மறுத்துடும். 8.0ல பாஸ்வேர்டு சரிபார்க்கற முறையே மாறிடுச்சு, பழைய பிஎச்பி அதைப் புரிஞ்சுக்காது, அதனால பாஸ்வேர்டு சரியா இருந்தும் கனெக்ட் ஆகலன்னு காட்டும்.

பிஎச்பி செட்டிங்ல மாத்தாம விட்டா இருக்கற அளவுகள்: அப்லோட் ஃபைல் 2 எம்பி, மொத்த போஸ்ட் 8 எம்பி, மெமரி 128 எம்பி, ஒரு பக்கம் ஓட 30 செகண்ட். இதுல சிஆர்எம் இன்ஸ்டாலே தடுமாறும், இம்போர்ட் பத்தி சொல்லவே வேணாம். மாத்தினதுக்கு அப்புறம் பிஎச்பி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும், இதை மறந்துட்டு செட்டிங் எடுக்கலையேன்னு தேடறவங்க நிறைய.

சத்தம் போட்டு உடையறவை

இதுங்க சீக்கிரம் பிடிபடும், அதனால வேகமா பாத்துடலாம்.

1. வெள்ளைப் பக்கம், இல்லன்னா 500 எரர். திரையைப் பாத்து யூகிக்காதீங்க, லாக்கை, அதாவது நடந்ததை எல்லாம் எழுதி வெக்கற ஃபைலை, திறங்க. மூணு லாக் இருக்கு, வெப் சர்வரோடது, பிஎச்பியோடது, சிஆர்எம்மோட சொந்தம். சிஆர்எம் லாக் சாதாரணமா ஃபேட்டல் லெவல்ல இருக்கும், விவரம் வேணும்னா டீபக்குக்கு மாத்தலாம், ஆனா வேலை முடிஞ்சதும் திருப்பி வெச்சுடுங்க, இல்லன்னா டிஸ்க் நிரம்பி அதுவே புதுக் கோளாறாயிடும்.

2. 413 எரர். பிஎச்பில அப்லோட் அளவை ஏத்தியும் பெரிய ஃபைல் போகலன்னா, என்ஜின்எக்ஸ்ல தனியா ஒரு வரம்பு இருக்கு, மாத்தாம விட்டா 1 எம்பி. ரெண்டு இடத்துலயும் ஏத்தணும்.

3. அனுமதி எல்லாம் சரியா இருந்தும் எழுத முடியலன்னு வர்றது. ரெட் ஹாட் வகை லினக்ஸா இருந்தா எஸ்இலினக்ஸைப் பாருங்க, அது தனிப் பாதுகாப்பு அடுக்கு, ஃபைல் அனுமதி சரியா இருந்தாலும் தடுக்கும், வெப் சர்வர் வெளிய கனெக்ட் ஆகறதைக் கூட தடுக்கும், அதனால மெயில் சர்வரைத் தொடவே முடியாது. இதுக்கெல்லாம் ஃபோல்டருக்கு 777ங்கற அனுமதி போட்டு தீர்க்கறது தீர்வே இல்ல, கஸ்டமர் டேட்டா இருக்கற சர்வர்ல யாரு வேணா எழுதலாம்னு கதவைத் திறந்து விடறது அது.

4. அடிக்கடி லாகவுட் ஆகறது. இதுக்கு ரெண்டு காரணம் அதிகம். யூசரோட ஐபி முகவரி மாறினா வெளிய தள்ளற ஒரு ஆப்ஷன் அட்மின் செட்டிங்ல இருக்கு, மொபைல் நெட்ல வேலை செய்யற சேல்ஸ் ஆளுங்களுக்கு முகவரி மாறிட்டே இருக்கும், அவங்களுக்கு மட்டும் இது நடக்கும். இன்னொண்ணு பிஎச்பி செஷன் ஆயுசு, மாத்தாம விட்டா 1440 செகண்ட், அதாவது 24 நிமிஷம். ஒரு நீளமான மீட்டிங் நோட்டை அரை மணி நேரம் டைப் பண்ணி சேவ் அமுக்கினா லாகின் பக்கம் வந்து நிக்கும், எழுதினது போச்சு. ரெண்டு தடவை இப்படி ஆனா அந்த ஆளு அதுக்கப்புறம் நோட் எழுத மாட்டாரு.

5. புதுசா ஒரு ஃபீல்டு சேர்த்ததும் பக்கம் உடையறது. அட்மின்ல க்விக் ரிப்பேர் அண்ட் ரீபில்ட் ஓட்டச் சொல்வாங்க, ஓட்டறாங்க, சரியாகல. அந்தப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் கீழ இழுத்துப் பாக்கணும், டேட்டாபேஸ்ல இல்லாத காலம்களை (நெடுக்குப் பத்திகளை) சேர்க்கறதுக்கான எஸ்க்யூஎல் கட்டளை ஒரு பெட்டில வந்திருக்கும், அதுக்குக் கீழ எக்சிக்யூட் பட்டன். அதை அமுக்கினாதான் டேட்டாபேஸ் மாறும்.

சத்தமில்லாம உடையறதுல முதல்: க்ரான்

க்ரான்ங்கறது குறிச்ச நேரத்துல ஒரு வேலையைத் தானா ஓட்டற லினக்ஸ் வசதி. சிஆர்எம்மோட ஷெட்யூலரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டி எழுப்பறது இதுதான். இது நின்னா திரையில எந்த எரரும் வராது. லாகின் ஆகும், ரெக்கார்டு சேவ் ஆகும், ஆனா எந்த ரிமைண்டரும் போகாது. இன்னைக்குக் கூப்பிடறேன்னு கஸ்டமர்கிட்ட சொன்ன ஆளுக்கு அது ஞாபகமே வராது, அந்த டீல் ஏன் போச்சுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஓடுதான்னு பாக்கறது சுலபம். ஷெட்யூலர் லிஸ்ட்ல ஒவ்வொரு வேலைக்கும் கடைசியா வெற்றிகரமா ஓடின நேரம் இருக்கும். அது காலியா இருந்தாலோ நேத்தைக்கே நின்னு போயிருந்தாலோ கீழ இருக்கறதைப் பாருங்க:

1. எந்த யூசர் பேர்ல ஓடுது? ரூட் (சர்வர்ல எல்லா அதிகாரமும் இருக்கற யூசர்) பேர்ல போட்டுட்டாங்கன்னா க்ரான் உருவாக்கற கேஷ் ஃபைல் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாயிடும், அப்புறம் வெப் சர்வர் அதைத் தொட முடியாது. சாயங்காலம் நல்லா இருந்த சைட் காலைல அங்கங்க உடைஞ்சு நிக்குதுன்னா, யாரும் எதுவும் தொடலன்னு சொன்னா, கேஷ் ஃபோல்டர்ல ஃபைல்களோட சொந்தக்காரர் யாருன்னு பாருங்க. சொந்தக்காரரை மாத்தினா மட்டும் போதாது, க்ரான் லைனை வெப் சர்வரோட யூசருக்கு மாத்தணும், இல்லன்னா மறுநாளும் இதே கதைதான்.

2. எந்த பிஎச்பி? ஒரே சர்வர்ல ரெண்டு பிஎச்பி இருக்கலாம், வெப்புக்கு ஒண்ணு, கமாண்ட் லைனுக்கு ஒண்ணு, செட்டிங் ஃபைலும் தனித்தனி. வெப்ல தேவையான எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியோட கூடுதல் வசதிகள்) எல்லாம் இருக்கும், க்ரான் ஓடற பிஎச்பில மெயில் எடுக்கற எக்ஸ்டென்ஷன் இருக்காது. க்ரான் லைன்ல எந்த பிஎச்பின்னு முழு பாதையோட எழுதிடறதுதான் உறுதியான வழி.

3. பாதி வழில மாட்டின வேலை. சர்வர் நடுவுல ரீபூட் ஆச்சுன்னா, அப்போ ஓடிட்டிருந்த வேலை க்யூல இன்னும் ஓடிட்டே இருக்கறதா பதிவாகி நிக்கும், அதனால அடுத்தது தொடங்காம இருக்கலாம்.

க்ரானோட அவுட்புட்டை வெத்து இடத்துக்கு அனுப்பற மாதிரிதான் எல்லா கைடுலயும் எழுதியிருக்கும். முதல் ஒரு வாரமாவது அதை ஒரு ஃபைலுக்கு அனுப்புங்க, எரர் அங்கதான் எழுதியிருக்கும்.

மெயில்: டெஸ்ட் போகுது, கேம்பெய்ன் போகல

இது ரொம்ப அதிகமா குழப்பற விஷயம். செட்டிங் பக்கத்துல டெஸ்ட் மெயில் அமுக்கினா உடனே வருது, ஆனா கேம்பெய்ன் மெயில் ஒண்ணும் போகல. காரணம், டெஸ்ட் மெயில் அந்தப் பக்கத்துலேர்ந்து நேரா போகுது, கேம்பெய்ன் மெயில் க்யூல உக்காந்து க்ரான் வந்து எடுக்கற வரைக்கும் காத்திருக்குது. அதனால இந்த அறிகுறி வந்தா மெயில் பாஸ்வேர்டைப் போட்டு நோண்டாதீங்க, மேல சொன்ன க்ரானுக்குத் திரும்பிப் போங்க.

டெஸ்ட்டே போகலன்னா போர்ட்டை, அதாவது மெயில் சர்வரோட எந்த எண் வாசல்ல கனெக்ட் ஆகுதுன்னு, பாருங்க. 587ல ஸ்டார்ட்டிஎல்எஸ், 465ல ஆரம்பத்துலேர்ந்தே டிஎல்எஸ், ரெண்டையும் மாத்திப் போட்டா கனெக்ஷன் தொங்கிட்டே நிக்கும். 25ஐ பல க்ளவுட் கம்பெனிகள் வெளிய விடறதே இல்ல.

ரொம்ப நாளா ஓடிட்டிருந்தது ஒரு நாள் திடீர்னு நின்னுச்சுன்னா, மெயில் கம்பெனிகளோட கொள்கை மாற்றமா இருக்கும். கூகுள் 2022 மே 30லேர்ந்து தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு வெறும் பாஸ்வேர்டோட வர்ற பழைய ஆப்களை நிறுத்துச்சு, மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்லேர்ந்து எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல, மெயில் எடுக்கற முறைகளான ஐமேப், பாப் ரெண்டுக்கும் அதையே செஞ்சுச்சு. உங்க சிஆர்எம் வெர்ஷன்ல ஓஆத் (பாஸ்வேர்டைக் குடுக்காம அனுமதி வாங்கற முறை) இல்லன்னா எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்லேர்ந்து உள்ள வர்ற மெயில் எடுக்கவே முடியாது, வெர்ஷன் ஏத்தித்தான் ஆகணும்.

அடுத்தது, போன மெயில் ஸ்பாம்ல விழறது. அனுப்பற டொமைனுக்கு (மெயில் முகவரில @க்கு அப்புறம் வர்ற பேர்) மூணு டிஎன்எஸ் பதிவு வேணும், டிஎன்எஸ்ங்கறது டொமைனைப் பத்தின விவரங்களை வெச்சிருக்கற பொதுப் பட்டியல். எஸ்பிஎஃப், எந்த சர்வர் எங்க பேர்ல அனுப்பலாம்னு சொல்றது. டிகிம், மெயில் நடுவுல மாறலங்கறதுக்கான டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க், இது ரெண்டும் தவறினா என்ன பண்ணணும்னு சொல்றது. 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்களுக்கு இந்த மூணும் கட்டாயம், அதுக்குக் குறைவா அனுப்பினாலும் போட்டு வெச்சுடறது நல்லது. அடிக்கடி நடக்கற தப்பு என்னன்னா, ஆபீஸ் மெயிலுக்கு ஏற்கனவே ஒரு எஸ்பிஎஃப் இருக்கும், சிஆர்எம் சர்வருக்குன்னு ரெண்டாவதா இன்னொண்ணு சேர்த்துடுவாங்க. ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கலாம், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது, இதுவரைக்கும் ஒழுங்கா போயிட்டிருந்த ஆபீஸ் மெயிலும் சேர்ந்து கெடும். ஒரே பதிவுக்குள்ள ரெண்டையும் எழுதணும், அதுக்குள்ள டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டக் கூடாது.

இன்னொண்ணு, முதல்ல லோக்கல்ல போட்டுட்டு அப்புறம் சர்வருக்கு மாத்தினவங்க சைட் முகவரி செட்டிங்கை அவசியம் பாக்கணும். அது பழைய லோக்கல்ஹோஸ்ட் முகவரியாவே (எங்க திறந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கறது) இருந்தா கஸ்டமருக்குப் போற மெயில்ல இருக்கற லிங்க் எல்லாம் அவங்க கம்ப்யூட்டரையே காட்டும், எதுவும் திறக்காது, அன்சப்ஸ்க்ரைப் லிங்க் உட்பட.

இம்போர்ட்: டேட்டா கெடற இடம்

இங்க நடக்கற தப்பைத் திருப்பி எடுக்கறது கஷ்டம், அதனால கொஞ்சம் நிதானமா போகலாம்.

முதல்ல எழுத்து. யுடிஎஃப்-8 முறைல ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் 3 பைட் எடுக்கும், இமோஜி 4 பைட். மைஎஸ்க்யூஎல்ல யுடிஎஃப்8னு பேர் வெச்ச பழைய முறை 3 பைட் வரைக்கும்தான் தாங்கும், அதனால தமிழ் பேர் நல்லா போகும், அதே கஸ்டமர் மெயில்ல ஒரு சிரிக்கற பொம்மை போட்டிருந்தா மட்டும் அந்த ரெக்கார்டு சேவ் ஆகாது. ஆரம்பத்துலயே யுடிஎஃப்8எம்பி4 வெச்சு டேட்டாபேஸ் உருவாக்கினா இந்தத் தொல்லை இல்ல.

தமிழ் பேர் சரியா வரலன்னா அது எப்படிக் கெட்டிருக்குன்னு பாருங்க, ரெண்டு விதம் இருக்கு, ரெண்டும் வேற வேற. கேள்விக்குறியா வந்திருந்தா எழுத்து ஏற்கனவே தொலைஞ்சு போச்சு, அந்த ரெக்கார்டுலேர்ந்து மீட்க முடியாது, மூல ஃபைலுக்குத்தான் போகணும். சம்பந்தமில்லாத ஐரோப்பிய எழுத்துகள் வரிசையா வந்திருந்தா பைட் பத்திரமா இருக்க வாய்ப்பு அதிகம், படிக்கற முறைதான் தப்பு. எக்செல்ல வெறும் சிஎஸ்வின்னு (கமா போட்டுப் பிரிச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்) சேவ் பண்ணா முதல் வகை நடக்கும், சிஎஸ்வி யுடிஎஃப்-8னு தனியா இருக்கற ஆப்ஷனை எடுக்கணும்.

அப்புறம் ஃபோன் நம்பர். நாட்டுக் கோடோட சேர்ந்து 12 இலக்கம் ஆச்சுன்னா எக்செல் அதை 9.19இ+11 மாதிரி சுருக்கிக் காட்டும், அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணா அந்தச் சுருக்கம்தான் ஃபைல்ல போய் உக்காரும், மீதி இலக்கம் போயே போச்சு. முன்னாடி இருக்கற சைபரும் காணாம போகும். நம்பர் வரப்போற நெடுக்குப் பத்தியை டெக்ஸ்ட்டா மாத்திட்டு அப்புறம் நம்பரைக் கொண்டு வரணும்.

தேதி இதைவிட மோசம். ஃபைல்ல நாள்-மாசம்-வருஷம், சிஆர்எம்ல மாசம்-நாள்-வருஷம்னு செட்டிங் இருந்தா, 13லேர்ந்து 31 வரைக்கும் இருக்கற தேதிகள் எரர் காட்டும், 12 வரைக்கும் இருக்கறது சத்தமில்லாம மாசமும் நாளும் இடம் மாறி உள்ள போயிடும். எரர் வந்த வரிகளை மட்டும் கையால திருத்திட்டு மீதி சரின்னு நினைக்கறவங்ககிட்ட தப்பான தேதிகள் நிறைய உள்ள இருக்கும். தேதில ஒரு எரர் வந்தா முழு இம்போர்ட்டையும் அண்டூ பண்ணிட்டு மறுபடி போடுங்க.

வரிசையும் முக்கியம். முதல்ல கம்பெனிகள், அப்புறம் ஆட்கள். ஆட்களை இம்போர்ட் பண்றப்போ கம்பெனி பேர் ஒரு எழுத்து வித்தியாசமா இருந்தாலும் புதுக் கம்பெனி ஒண்ணு உருவாகிடும், ஒரே கம்பெனி நாலு பேர்ல நிக்கும், வரலாறு நாலா சிதறும். ஒரு 20 வரியை மட்டும் முதல்ல போட்டு, ஒவ்வொண்ணையும் திறந்து கண்ணால பாத்துட்டு மீதியைப் போடுங்க.

மெதுவா ஓடுதுன்னா

மைஎஸ்க்யூஎல்லோட பஃபர் பூல் (டேட்டாவை மெமரில வெச்சுக்கற இடம்) மாத்தாம விட்டா 128 எம்பிதான், டேட்டா அதைத் தாண்டினதும் ஒவ்வொரு தேடலும் டிஸ்க்குக்குப் போகும். சர்வர் மெமரியைப் பாத்து ஏத்துங்க. அப்புறமும் மெதுவா இருந்தா ஸ்லோ க்வெரி லாக்கை (ரொம்ப நேரம் எடுக்கற தேடல்களோட பதிவு) ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் எல்லாரோட ஹோம் பக்கத்துலயும் இருக்கற ஏதாவது ஒரு டாஷ்லெட் (சின்னத் தகவல் பெட்டி) முழு டேபிளையும் தேடிட்டிருக்கும்.

அப்கிரேடும் பேக்கப்பும்

பேக்கப்னா டேட்டாபேஸ் டம்ப் (முழு டேட்டாபேஸோட நகல் ஃபைல்) மட்டும் இல்ல. அட்டாச்மெண்ட் எல்லாம் அப்லோட் ஃபோல்டர்ல நீளமான ஐடி பேர்ல இருக்கும், ஃபைல் பேர் கடைசில வர்ற .pdf மாதிரி எக்ஸ்டென்ஷன் கூட இருக்காது, எது எந்தக் கஸ்டமரோடதுங்கறது டேட்டாபேஸ்ல இருக்கும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணுக்கு மதிப்பே இல்ல. டம்ப், அப்லோட், கஸ்டம் ஃபோல்டர், கான்ஃபிக் ஃபைல், நாலும் ஒரே நேரத்துல எடுக்கணும். யாராவது கோர் ஃபைல்லயே கை வெச்சு மாத்தியிருந்தா அப்கிரேடுல அது அழிஞ்சுடும், மாத்தம் எல்லாம் கஸ்டம் ஃபோல்டர்லதான் இருக்கணும்.

அப்கிரேடை நேரா லைவ்ல பண்ணாம, இன்னொரு சர்வர்ல முழு காப்பி வெச்சு பண்ணிப் பாருங்க. அப்படிக் காப்பி எடுத்ததும், பிரவுசர்ல திறக்கறதுக்கு முன்னாடியே, அந்த சர்வர்ல க்ரானை நிறுத்திட்டு வெளிய போற மெயில் செட்டிங்கை அழிச்சுடுங்க. ஏன்னா அந்தக் காப்பிக்குத் தான் காப்பின்னு தெரியாது, க்யூல இருக்கற கேம்பெய்னையும் ரிமைண்டரையும் உண்மையான கஸ்டமருக்கே ரெண்டாவது தடவை அனுப்பும், உள்ள வர்ற மெயிலையும் லைவுக்கு முன்னாடி அது எடுத்துடும், லைவ் சிஆர்எம்ல அந்த மெயில் வந்த தடமே இருக்காது.